42 ஜெயிச்சவன் வெளிய, 31 ஜெயிச்சவன் உள்ள

கேள்வி: அண்ணே, எங்க அக்கா பையன் அமெரிக்காவுல டென்னசில படிக்கிறான், மே மாசம் வந்தா போதும், போன் பண்ணா காலேஜ் பேஸ்பால் பேச்சுதான். சீசன் கடைசில நடக்கற சாம்பியன் போட்டில, 56 மேட்ச்ல 42 ஜெயிச்ச டீமுக்கு எடம் இல்லாம போகலாமாம், 31 ஜெயிச்ச டீமு உள்ள போகலாமாம். இன்னா கணக்கு இது, என்ன வெச்சு காமெடி பண்றானா?
காட்பாடி வாசகர்

பதில்: பையன் சரியாத்தான் சொல்றான் தம்பி. நம்ம பாலாத்து மணல்ல தெருப்பசங்களோட ஆடியே 20 மேட்ச் ஜெயிக்கிற டீம் ஒண்ணு கீது, இன்னொண்ணு மெட்ராஸ் போய் டிவிஷன் டீம்களோட மோதி பாதி தோத்துட்டு வருது, டிஸ்ட்ரிக்ட்டுக்கு நீ யாரை அனுப்புவ? அதே கதைதான். அந்த சாம்பியன் போட்டில மொத்தம் 64 டீம், கான்ஃபரன்ஸ்னா காலேஜுங்க சேந்து ஆடற லீக்கு, அந்த கான்ஃபரன்ஸ் சாம்பியனுங்க நேரா உள்ள, மீதி எடத்துக்கு கமிட்டி உக்காந்து ஆள் எடுக்கும், அப்ப முக்கியமா பாக்கறது ஆர்.பி.ஐ.ன்னு ஒரு நம்பர். அதுல உன் ஜெயிப்புக்கு 25 சதவீதம்தான், உன்கூட ஆடினவங்க ஜெயிப்புக்கு 50, அவங்ககூட ஆடினவங்களுக்கு மீதி 25.

சும்மா ஒரு கணக்கு போட்டு பாரு. 42 ஜெயிச்சவன் ஜெயிப்பு விகிதம் 0.750, ஆனா அவன் ஆடினதெல்லாம் சொத்தை டீம், 0.450, அதுங்க ஆடினது 0.480. அந்த சதவீதப்படி கூட்டினா 0.53 வரும். 31 ஜெயிச்சவன் 0.554தான், எதிராளிங்க 0.580, அவங்களோட எதிராளிங்க 0.550, இவனுக்கு 0.57 வந்துடுது, முடிஞ்சது கதை. 2013ல இன்னொண்ணும் சேத்தாங்க, சொந்த ஊர்ல ஜெயிச்சா 0.7 ஜெயிப்பு, வெளியூர் போய் ஜெயிச்சா 1.3. எனக்கு புடிச்சதே இதான், சொந்த கிரவுண்டுல புலியா இருக்கறது பெரிய விஷயமா இன்னா? ஆனா 42 ஜெயிச்சவன் அவன் கான்ஃபரன்ஸ் கப்பை தூக்கிட்டான்னா எந்த நம்பரும் வேணாம், கமிட்டிகிட்ட கையேந்த வேணாம்.

கேள்வி: அப்ப பெரிய கான்ஃபரன்ஸ்காரன்தான் கடைசில ஜெயிப்பானா?
குடியாத்தம் வாசகி

பதில்: முக்காவாசி ஆமாம்மா. எஸ்.இ.சி.ன்னு தென்கிழக்கு கான்ஃபரன்ஸ், 2025ல அங்கருந்து மட்டும் 13 டீம் உள்ள வந்துச்சு, 2019லருந்து 2025 வரைக்கும் கப்பு அவங்க வீட்டலதான் (2020ல கொரோனா, போட்டியே நடக்கல). 2022ல ஓல் மிஸ் தன் கான்ஃபரன்ஸ்ல 14 ஜெயிச்சு 16 தோத்த டீம், கமிட்டி கடைசியா உள்ள இழுத்த டீமே அதான்னாங்க, அது போய் சாம்பியன் ஆச்சு. ஆனா அதே 2025ல நம்பர் ஒன்னுன்னு உக்கார வெச்ச வாண்டர்பில்ட், அதுவும் எஸ்.இ.சி. டீம்தான், சொந்த ஊர்லயே மொத வாரத்துல மூட்டை கட்டிச்சு. 2008ல ஃப்ரெஸ்னோ ஸ்டேட், மொத கட்டத்துல நாலு டீம் இருக்கற குரூப்புல நாலாவது ரேங்க்ல உள்ள வந்து கப்பையே தூக்கிச்சு. சின்ன டீம்தானேன்னு யாரையும் கழிச்சு கட்டிடாதீங்க.

கேள்வி: எந்த டீம் தேறும்னு நம்மளே கண்டுபுடிக்க ஒரு வழி சொல்லுங்க சார், மச்சான்கிட்ட பெட்டு கட்டிட்டேன்.
ஆற்காடு வாசகர்

பதில்: பெட்டு கட்டிட்டு அப்புறமா கேக்கறியே. பந்து போடறவங்களை எண்ணு. மொத கட்டத்துல நாலு நாலு டீமா 16 ஊர்ல ஆடுவாங்க, ரெண்டு தோத்தா அவுட். மொத மேட்ச்சே தோத்துட்டா தொடர்ந்து நாலு ஜெயிக்கணும், அதுவும் நாலு நாளுக்குள்ள, ஆனா வெள்ளிக்கிழமை நூறு பந்து போட்ட பையன் ஞாயித்துக்கிழமை தோளை தூக்கவே கஷ்டப்படுவான். மொத ஆளு சூப்பர், மூணாவது நாலாவது ஆளு வெறும் பேருக்குன்னா அந்த டீம் மேல காசு வெக்காத. 64 டீம் பேரை மே கடைசில திங்கக்கிழமை சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அப்ப ராத்திரி 9.30 மணி, மச்சானையும் கூப்ட்டு பக்கத்துல உக்கார வெச்சுக்க.