உகாண்டா சஃபாரி போறேன், மலேரியா மாத்திரை அவசியமா டாக்டர்?

கேள்வி: வயசு 62, சுகரும் பிபியும் இருக்கு. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடறேன். பையன் கம்பாலால வேலை பாக்கறான், ரெண்டு மாசத்துல அங்க போறேன். மர்ச்சிசன் அருவி, சஃபாரி எல்லாம் கூட்டிட்டுப் போறானாம். கொஞ்ச நாள்தானே, மாத்திரை எதுக்கு, கொசுவத்தி போதும்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. சரியா டாக்டர்?

பதில்: போதாதும்மா. உகாண்டாவுல மலேரியா வருஷம் பூரா இருக்கு, அதுல பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளை கிட்னி வரைக்கும் போய் ரெண்டு மூணு நாள்லயே ஆளை ஐசியுல படுக்க வெச்சிடும். தமிழ்நாட்டுல நாங்க அதிகமா பாக்கறது வைவாக்ஸ், அது அவ்வளவு மோசமில்ல, அதை நினைச்சுதான் அவங்க லேசா சொல்லியிருப்பாங்க. பழைய குளோரோகுயின் மாத்திரையும் அங்க வேலைக்கு ஆகாது. மலேரியா வராம தடுக்க உங்க டாக்டர்கிட்ட டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதி வாங்குங்க, கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினம் ஒண்ணு, திரும்பி வந்த பிறகும் 4 வாரம். இந்த கடைசி 4 வாரத்தைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, தயவுசெஞ்சு விடாதீங்க. சாப்பிட்டு நிறைய தண்ணியோட போடுங்க, போட்ட உடனே படுக்காதீங்க, உணவுக்குழாய்ல புண்ணாகும். வெயில் பட்டா தோல் சீக்கிரம் கருகும், அதனால தொப்பியும் முழுக்கை சட்டையும் வேணும்.

அடுத்தது எல்லோ ஃபீவர், அதாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது இல்லாம உகாண்டாவுக்குள்ள விடமாட்டாங்க, திரும்பறப்ப நம்ம ஏர்போர்ட்லயும் சர்டிஃபிகேட் கேப்பாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா வெச்சிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிஃபிகேட் செல்லும், அதனால ஊசி போட இப்பவே கிளம்புங்க, சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. ஆனா இது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கி செஞ்ச ஊசி, 60 வயசுக்கு மேல முதல் தடவை போடறவங்களுக்கு அபூர்வமா பெரிய பக்கவிளைவு வரும். சுகர் இருக்கறதால தடை இல்ல, ஆனா முட்டை அலர்ஜி, ஸ்டீராய்டு மாத்திரை, தைமஸ்னு நெஞ்சுல இருக்கற சுரப்பில பிரச்சினை எது இருந்தாலும் ஊசிக்கு முன்னாடியே சொல்லிடணும்.

நீங்க கேக்கல, ஆனா எனக்கு பெரிய கவலை கிளிமிபிரைடுதான். சிங்கம் ஒட்டகச்சிவிங்கி பாக்கறதுக்கு விடியறதுக்குள்ள வண்டில ஏத்திடுவாங்க, மாத்திரையைப் போட்டுட்டு டிஃபன் அப்புறம்னு கிளம்பினா காட்டு நடுவுல சுகர் இறங்கி மயக்கம் வரும். சாப்பாடு கையில வந்த பிறகுதான் அந்த மாத்திரை, பையில குளுக்கோஸ் எப்பவும் இருக்கட்டும்.

டிரெஸ்ல நீலமும் கருப்பும் வேண்டாம், அந்த கலருக்கு ட்செட்சி ஈ ஓடி வரும், மர்ச்சிசன் பக்கம் அது நிறைய. மெல்லிசு துணி வழியாவே கடிக்கும், ஊசி குத்தின மாதிரி வலிக்கும், கொசுவுக்கு பூசற கிரீமுக்கு இது பெருசா அசையாது, அதனால வெளிர் காக்கி கலர்ல தடிமனான துணி போட்டு வண்டி கண்ணாடிய ஏத்தி விட்டுடுங்க. தூக்க நோய் இதனாலதான் வருது, டூரிஸ்டுக்கு வர்றது ரொம்ப அபூர்வம், ஆனாலும் கடிச்ச இடம் புண்ணாகி காய்ச்சலும் வந்தா உடனே காட்டணும்.

அருவிய கட்டாயம் பாருங்கம்மா, நைல் நதி அவ்வளவும் சுமார் 7 மீட்டர் அகல பாறை இடுக்குல புகுந்து 40 மீட்டருக்கு மேல கீழ விழறது லேசான காட்சி இல்ல. சாரல்ல பாறை வழுக்கும், சுகர் இருக்கற கால் வேற, அதனால நல்ல கிரிப் உள்ள மூடின ஷூ போடுங்க. சாரல் மேல படறதுல பயமில்ல, ஆனா ஆத்துலயோ ஏரியிலயோ இறங்கிக் குளிக்காதீங்க, அங்க நத்தை மூலமா தண்ணில பரவற பில்ஹார்சியா புழு தோல் வழியா உள்ள போயிடும். நீர்யானை முதலை பாக்க படகுல போறப்பவும் கைய தண்ணில விடாதீங்க.

ஊருக்கு வந்து 3 மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டிருந்தாலும் சரி, பாராசிட்டமால் போட்டு பொறுத்துப் பாக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி போய் முதல் வார்த்தையா 'உகாண்டா போய்ட்டு வந்தேன், மலேரியா டெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லுங்க. முதல் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்து காய்ச்சல் விடலன்னா மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்லுங்க, இதை உங்க பையன்கிட்டயும் சொல்லி வைங்க.