பழைய காருக்குப் புதிய பெற்றோல் பம்ப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை இன்றும் ஓடுகிறேன். அதன் எஸ்.யூ. (தயாரிப்பாளரின் பெயர்) மின்பம்ப் இடையிடையே நின்றுவிடுகிறது. திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டினால் மறுபடி இயங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு இன்ஜெக்சன் (எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும்) கார் ஒன்றின் பம்பைப் பூட்டினால் இழுவையும் கூடும் என்கிறார் மெக்கானிக். உதிரிப்பாகக் கடையிலோ சிறிய சதுர மின்பம்ப் ஒன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இன்ஜெக்சன் காரின் பம்பை எக்காரணம் கொண்டும் பூட்டாதீர்கள். தங்கள் காரில் உள்ள பம்ப் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1.5 இறாத்தல் அழுத்தத்தில் பெற்றோலை அனுப்புவது. இன்ஜெக்சன் பம்ப் 40 இறாத்தல் அளவில் தள்ளுவது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யூ. கார்பரேற்றரில் பெற்றோலைத் தடுத்து நிறுத்துவது மிதவையின் மிதப்பு விசையால் அழுத்தப்படும் சிறிய ஊசி வால்வு மட்டுமே என்பதால், அழுத்தம் 3 இறாத்தலைத் தாண்டினாலே அது தளரத் தொடங்கும். அதன்பின் மிதவை அறை நிரம்பி, மேல்மூடியிலுள்ள வழிகுழாயால் பெற்றோல் கொட்டும். இந்த எஞ்சினில் கார்பரேற்றரும் எக்சோஸ்ற் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. கொட்டும் பெற்றோல் எங்கே விழும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. இழுவை கூடும் என்பதும் சரியன்று: எஞ்சினுக்குள் செல்லும் பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பவை கார்பரேற்றரின் ஜெற் என்ற சிறு துளையும் அதனுள் ஏறியிறங்கும் ஊசியுமே (முன்சொன்ன ஊசி வால்வு வேறு), பம்பின் வேலை மிதவை அறையைக் காலியாகாமல் வைத்திருப்பதோடு முடிந்துவிடுகிறது.

தட்டியவுடன் இயங்கும் பம்ப் பெரும்பாலும் செத்த பம்ப் அன்று. உள்ளேயிருந்து மின்னை இணைத்துத் துண்டிக்கும் பொயின்ற் கரிந்திருக்கலாம், அல்லது பெற்றோலை உறிஞ்சித் தள்ளும் டயபிரம் என்ற சவ்வு விறைத்திருக்கலாம். இரண்டும் பழுதுபார்க்கும் தொகுதியாக இன்னும் விற்பனைக்கு வருகின்றன. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் விசாரித்துப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என்று சில தடவை தானே தட்டிவிட்டு, மிதவை அறை நிரம்பியவுடன் ஓய்வதே நல்ல பம்பின் இயல்பு. எஞ்சின் நின்றிருக்கும்போதும் விடாமல் வேகமாகத் தட்டினால், தாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று இழுக்கிறது. ஆறுதலாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஊசி வால்வு சரியாக மூடவில்லை என்று கொள்ளலாம். ஊசி வால்வை மாற்ற நேர்ந்தால் மிதவையின் மட்டத்தையும் சரிபாருங்கள்: மூடியைக் கவிழ்த்து வைத்து, அதற்கும் மிதவைக் கவைக்கும் இடையில் குறித்த தடிப்புள்ள தண்டு ஒன்று மட்டுமட்டாக நுழைய வேண்டும்.

அப்படியும் சதுர பம்ப்தான் வேண்டுமென்றால், பெட்டியில் எழுதப்பட்டுள்ள அழுத்தத்தை முதலில் வாசியுங்கள். ஒரே வடிவில் 2 இறாத்தல் பம்பும் உண்டு, 7 இறாத்தல் பம்பும் உண்டு. இரண்டாவது தங்களுக்கு ஆகாது. அடுத்தது மின்முனை. மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றறியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பொயின்ற் உள்ள பழைய பம்புக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் இலத்திரனியலால் இயங்கும் சதுர பம்பின் வயர்களை மாற்றிக் கொடுத்தால் அது அந்தக் கணமே எரிந்துபோகக்கூடும். டைனமோவை அகற்றி அல்டர்னேற்றர் பூட்டியபோது முனையையும் மாற்றிவிட்ட கார்கள் இங்கே நிறைய ஓடுவதால், புத்தகத்தை நம்பாமல் பற்றறியைப் பார்த்தே வயரைக் கொடுங்கள். மூன்றாவது, பூட்டும் இடம். பழைய பம்ப் பொனற்றுக்குள் இருந்து தாங்கியிலிருந்து உறிஞ்சுகிறது. சதுர பம்புகளோ உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதில் வல்லவை என்பதால், பின்புறத்தில் தாங்கிக்கு அருகே தாழ்வாகப் பூட்ட வேண்டியவை. அப்போது முழுக் குழாயும் அழுத்தத்துக்கு உள்ளாகும். ஆகவே குழாயைப் பழுதின்றி வைத்திருப்பதோடு, வயரில் பியூஸும், மோதலின்போது மின்னைத் தானாகத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிச்சும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், பொருளாதாரத் தடைக் காலத்தில் வருடக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது பெற்றோல் பாதையில் கண்ணாடி பில்ரர் ஒன்று பூட்டியிருக்கிறேன். அது சில வாரங்களிலேயே செம்மண் நிறத் தூளால் நிரம்புகிறது. கடையில் வாங்கிய தெளிந்த பிளாஸ்ரிக் குழாயும் கல்லாக இறுகிவிட்டது.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அந்தத் தூள் துரு. பில்ரரை எத்தனை தடவை மாற்றினாலும் தாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யாதவரை அது வந்துகொண்டேயிருக்கும். மண்ணெண்ணெய்க் காலத்துப் படிவும் அடியில் சேர்ந்திருக்கலாம். கண்ணாடி பில்ரரை நான் விரும்புவதில்லை. திருகு முனைகளின் வளையங்கள் சூட்டில் தளர்ந்தால் கசியும், எஞ்சினுக்கு அருகில் உடையவும் கூடும். வார்ப்பாக ஒரே உடலில் அடைக்கப்பட்ட பில்ரரை, எக்சோஸ்றிலிருந்து தள்ளிப் பூட்டுங்கள்.

குழாய் விடயத்தில் விலை பார்க்க வேண்டாம். தெளிந்த பிளாஸ்ரிக் பெற்றோலில் இறுகி வெடிக்கும். பார்வைக்கு அழகான சிலிக்கன் குழாயோ பெற்றோலைத் தன்னூடாகவே கசியவிடும். எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறியீட்டை உறையில் அச்சிட்ட இறப்பர் குழாயைக் கேட்டு வாங்குங்கள். அதன் உட்பூச்சு எதனோல் கலந்த எரிபொருளையும் தாங்கும். 5/16 அங்குல உலோகக் குழாய்க்கு 8 மில்லிமீற்றர் இறப்பர் பொருந்தும். 1/4 அங்குலத்துக்கு அதே குழாயைப் போட்டு கிளிப்பால் நெரித்து இறுக்குவது கசிவுக்கு வழி. துளை வெட்டிய பட்டி கிளிப் இறப்பரைக் கடித்து வெட்டிவிடும். விளிம்பு மடித்த சிறிய பெற்றோல் கிளிப்பே போதும். இறப்பரை இணைப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நீண்ட தூரத்துக்கு உலோகக் குழாயையே விடுங்கள்.

கேள்வி: பெற்றோல் குழாயின் திருகு இணைப்பு கசிகிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைச் சுற்றலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: வேண்டாம். இந்த இணைப்புகளில் கசிவைத் தடுப்பது திருகுப் புரி அன்று, கூம்பு முனை உலோகத்தோடு உலோகமாகப் பதிவதுதான். நாடா அதற்கு உதவாது. பிய்ந்த துணுக்கு ஊசி வால்வில் போய்ச் சிக்கினால் கார்பரேற்றர் வழியும். கூம்பில் கீறல் இருந்தால் முனையைப் புதிதாக விரித்துக்கொள்ளுங்கள்.