பிறந்தநாளும் பார்வையாளர்களும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு வருகிற பிப்ரவரியில் 13 வயது நிறைகிறது. இதுவரை ஒவ்வோர் ஆண்டும் எங்கள் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் பலூன், மேஜிக் ஷோ, ரிட்டர்ன் கிஃப்ட் என்று விமரிசையாகக் கொண்டாடினோம். இம்முறை, “பார்ட்டி வேண்டாம், எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். அதனால் அருகிலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு அவளை அழைத்துச் சென்று, அந்தப் பிள்ளைகளோடு கேக் வெட்டி, மதிய உணவு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். தனக்குக் கிடைத்திருப்பதன் அருமையும் அவளுக்குப் புரியும். மாமியாருக்கு இதில் மனக்குறை. வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு எப்படிக் கொண்டாடலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

ம., வேளச்சேரி

அன்புள்ள ம.,

வெட்கமாக இருக்கிறது என்று உங்கள் மகள் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சின்ன வயதில் கூட்டத்தின் நடுவே நிற்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வளர வளர, எல்லோரும் தன்னைப் பார்ப்பதே அவர்களுக்குப் பாரமாகிவிடுகிறது. அதை அவள் உணர்ந்து வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள். நீங்களோ அந்தக் கூட்டத்திலிருந்து அவளை விடுவித்து இன்னொரு கூட்டத்தின் முன் நிறுத்தப் பார்க்கிறீர்கள், அதுவும் எழுந்துபோக உரிமையில்லாத பிள்ளைகளின் முன்னால்.

கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நண்பர் ஒருவர் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் ஒன்றுக்குச் சில காலம் நானும் போய்வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஜமக்காளத்தில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலத்தை முன்னால் வைத்து, படம் எடுத்து முடியும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்று காப்பாளர் சொல்லியிருந்தார். பிறந்தநாள் கொண்டாடப் பெற்றோரோடு வந்து கேக் வெட்டிய சிறுமி நல்ல பிள்ளை. பக்கத்திலிருந்த பையனிடம், “உனக்கு எப்போ பர்த்டே?” என்று உண்மையான பிரியத்தோடு கேட்டாள். அவன் காப்பாளரின் முகத்தைப் பார்த்தான். பதிவேட்டில் இருந்த தேதியை அவர்தான் சொன்னார். பெற்றோரோ சான்றிதழோ இல்லாமல் வந்துசேரும் பிள்ளைக்கு, அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு தோற்றத்தைப் பார்த்தோ, தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனை செய்தோ வயதைப் பதிகிறது. அப்படி ஒரு தேதியைப் பெற்ற பிள்ளையை உட்காரவைத்துத்தான் ஞாயிறுதோறும் யாரோ ஒருவருக்கு வாழ்த்துப் பாடச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 18 வயது நிறைந்ததும் அவர்கள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அதன்பின் 21 வயதுவரை உதவி பெற சட்டத்தில் இடமிருந்தாலும், தூங்கிய கட்டிலையும் கூட இருந்தவர்களையும் விட்டுப் போகும் நாள் அதுதான். உங்கள் வீட்டில் ஆசையோடு எண்ணப்படும் அந்த வயதை அங்கே வளர்ந்த பிள்ளைகள் கலக்கத்தோடு எண்ணுகிறார்கள். படங்களை வாட்ஸ்அப்பில் போடும் எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இத்தகைய பிள்ளைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. 6 மாதம்வரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அருமை புரியும் என்கிறீர்கள். தனக்கு வாய்த்ததை அறிய இன்னொரு பிள்ளையின் இல்லாமையைப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து அவள் மனத்தில் விதைக்காதீர்கள். தானம் கொடுக்கும் கையாக மட்டுமே தன்னைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, சக வயதுப் பிள்ளையோடு சமமாக உட்கார்ந்து பேசவே வராமல் போய்விடும்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. பிறந்தநாள் என்றால் நட்சத்திரத்தன்று எண்ணெய்க் குளியலும் பாயசமும்தான். எனக்கு 13 நிறைந்த அன்று அப்பா, ஆச்சியின் கண்ணாடிச் சீட்டைக் கையில் கொடுத்து, திருநெல்வேலிக்குத் தனியாகப் போய் வாங்கிவரச் சொன்னார். அம்மா பணத்தை மடித்து, சட்டைப்பைக்குள் வைத்து, வாயை ஊக்கால் பூட்டினாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஊக்கை விரல் தடவிக்கொண்டே இருந்தது. கடைக்காரர், “பெரியவங்க யாரும் வரலையா தம்பி?” என்றார். “நான்தான் வந்திருக்கேன்” என்றேன். திரும்பியதும் டிக்கெட் முதல் மீதிச் சில்லறைவரை அப்பா கணக்குக் கேட்டார், ஒப்பித்தேன். ஆச்சி அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் பேரன் வாங்கிவந்தது என்று சொன்னாள். அடுத்த மாதம் பால்கணக்கு நோட்டு என் பொறுப்புக்கு வந்தது.

வளரும் பிள்ளைக்கு நம்பி ஒப்படைக்க ஏதாவது ஒரு காரியம் வேண்டும். உங்கள் மகள் இரண்டு தோழிகளோடு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகலைக் கழித்துவிட்டுத் திரும்பட்டும். பணமும் திட்டமும் அவள் கையில் இருக்கட்டும். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயக்கமாக இருந்தால் அடுத்த பெட்டியில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். பிப்ரவரி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிடும் காலம் அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவில் நடந்து, நாய்களிடமிருந்து முட்டைகளைக் காப்பாற்றிப் பொரிப்பகத்தில் சேர்க்கும் வேலையை 1988 முதல் மாணவர்கள் செய்துவருகிறார்கள். பொதுமக்களையும் உடன் நடக்க அனுமதிக்கிறார்கள். ஒரு குழியில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவளும் உங்களோடு அந்த மணலில் நடக்கட்டும்.

மாமியாருக்கு நட்சத்திரத்தன்று ஓர் அர்ச்சனை போதும். செலவைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் இல்லத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தை நிறுத்திவிடாதீர்கள். மகளை அழைத்துப்போகாமல், பெயர் போடச் சொல்லாமல், நிர்வாகியிடம் நேரில் போய், இந்த ஆண்டு 18 முடித்து வெளியேறுகிறவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ விடுதி முன்பணத்துக்கோ அது போகட்டும்.