வேலை வாசல்: ரிசப்ஷனிலிருந்து எம்.டி. அறை வரை

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக ரிசப்ஷனிஸ்டாக இருக்கிறேன் மேடம். எம்.டி.யின் செக்ரட்டரி லீவில் போகும்போதெல்லாம் அவர் வேலையையும் நான்தான் பார்க்கிறேன். வெளியில் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் (இ.ஏ.) வேலைக்குப் போட்டால் அனுபவம் இல்லை என்கிறார்கள். டைப்பிங் ஹையர் பாஸ். ஷார்ட்ஹேண்டும் படிக்க வேண்டுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: அனுபவம் இருக்கிறது தோழி, அது ரெஸ்யூமில் ஏறவில்லை. ‘போன் எடுத்தல், விருந்தினரை வரவேற்றல்’ என்று எழுதியிருப்பீர்கள். செக்ரட்டரி லீவில் இருந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதுங்கள்: மொத்தம் எத்தனை நாள், எந்தெந்த ஊருக்கு டிக்கெட் போட்டீர்கள், கொரியாவிலிருந்து ஆள் வந்தபோது ஹோட்டல், கார், ஃபேக்டரி விசிட் எல்லாம் யார் பார்த்தது, மினிட்ஸ் யார் எழுதியது. இதைப் படிக்கிற ஹெச்.ஆர். உங்களை ரிசப்ஷனிஸ்ட் என்று ஒதுக்க மாட்டார்.

ஷார்ட்ஹேண்ட் கோர்ட்டுக்கும் அரசு ஸ்டெனோ வேலைக்கும் வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் ஸ்டெனோ டைப்பிஸ்ட் பணிக்குக் கேட்கிறார்கள். தனியார் கம்பெனிக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றால் அந்த நேரத்தை அவுட்லுக் காலண்டருக்கும் எக்ஸெலுக்கும் கொடுங்கள்.

காலண்டர் என்றால் சும்மா கட்டம் நிரப்புகிற வேலை என்று நினைக்க வேண்டாம். நான் சேர்ந்த முதல் மார்ச் மாதம், நியூயார்க், ஜெர்மனி, சென்னை மூன்றும் சேருகிற வாராந்தர கான்ஃபரன்ஸ் கால் ஒன்று இருந்தது. நியூயார்க்கில் காலை 9, ஜெர்மனியில் மதியம் 3, நமக்கு இரவு 7.30. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், ஜெர்மனியில் கடைசி ஞாயிறுதான், ஆக நியூயார்க்கின் 9 மணி நமக்கு மாலை 6.30 ஆகிவிடுகிறது, நடுவில் இரண்டு மூன்று வாரம் ஜெர்மனிக்கு 2 மணி. எனக்கு அது தெரியாது. 7.30-க்கு என் பாஸ் உள்ளே போனபோது அமெரிக்காக்காரர்கள் பேசி முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே ஒரு எக்ஸெல் ஷீட் ஆரம்பித்தேன்: கடிகாரம் மாறும் தேதிகள், அவருடைய பாஸ்போர்ட் முடியும் தேதி, விசா தேதிகள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இல்லையென்றால் பல நாடுகளுக்குள் விடமாட்டார்கள், இதை ஏர்போர்ட்டில் போய்த் தெரிந்துகொண்டால் என்ன லாபம்? இன்டர்வியூவில் இந்த மாதிரி ஒரு ஷீட்டைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. ‘உங்க பழைய பாஸ் எப்படி?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அது பெரும்பாலும் உங்கள் வாயை அளக்கிற கேள்வி. ‘அவரிடம் நிறையக் கற்றுக்கொண்டேன், உள் விஷயங்களைப் பேசுவது சரியில்லை’ என்று சொல்லி நிறுத்துங்கள். நீங்களும் ஒன்று கேளுங்கள்: வீட்டு வேலைகள், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மளிகை ஆர்டர் எல்லாம் இதில் சேருமா? சேர்ந்த பிறகு சண்டை போடுவதைவிட முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தேடும்போது ஒரே பெயரில் தேடாதீர்கள். இதே வேலையை பி.ஏ. (பர்சனல் அசிஸ்டென்ட்), செக்ரட்டரி, இ.ஏ. டு சி.இ.ஓ., அட்மின் கோஆர்டினேட்டர் என்றெல்லாம் நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் போடுகிறார்கள். அதற்கும் முன்னால், உங்கள் கம்பெனியிலேயே வேறு டைரக்டருக்கு ஆள் தேவையா என்று அந்த செக்ரட்டரி அக்காவிடமே கேளுங்கள், காலியாகப்போகும் இடம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி: கிண்டியில் ஒரே டைரக்டரிடம் ஒன்பது வருடமாக இ.ஏ.வாக இருக்கிறேன். அடுத்த வருடம் அவர் ரிட்டயர் ஆகிறார். அவரோடு என் வேலையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், வேளச்சேரி

பதில்: பயம் நியாயமானது சார். இந்த வேலையின் பெரிய குறையே இதுதான், நம் மதிப்பு ஒரே ஒரு ஆளின் கண்ணில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஒரு வருடத்தில் மற்ற டைரக்டர்களின் கண்ணிலும் படுங்கள். போர்டு மீட்டிங் வேலை பார்த்திருக்கிறீர்களா? 2013 கம்பெனிகள் சட்டப்படி பொதுவாக வருடத்துக்கு நான்கு கூட்டமாவது நடத்த வேண்டும், இரண்டுக்கு நடுவில் 120 நாளுக்கு மேல் போகக்கூடாது, ஏழு நாள் முன்னால் நோட்டீஸ் போக வேண்டும். அந்தத் தேதிகளையும் பேப்பர்களையும் நீங்கள் கவனித்துக்கொண்டிருந்தால், கம்பெனியின் சட்ட நடைமுறைகளைப் பார்க்கிற கம்பெனி செக்ரட்டரி (சி.எஸ்.) டிபார்ட்மென்ட்டுக்குப் பாதி தூரம் வந்துவிட்டீர்கள், மீதிக்கு ஐ.சி.எஸ்.ஐ. (இந்திய கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம்) நடத்தும் சி.எஸ். படிப்பு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கஷ்டம்தான், ஆனால் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பு வேண்டாம் என்றால் அட்மின் மேனேஜர் பக்கம் போகலாம்.

எதுவானாலும் உங்கள் டைரக்டர் நாற்காலியில் இருக்கும்போதே பேசுங்கள். போன பிறகு அவர் சொல்லுக்கு அவ்வளவு எடை இருக்காது. இந்த வாரமே அரை மணி நேரம் கேளுங்கள், காலண்டர் உங்கள் கையில்தானே இருக்கிறது.