சிஇஓ சம்பளம் பத்தி கேளுங்க, கம்பெனி செக்ரட்டரி ஒருத்தி பதில் சொல்றேன்

லிஸ்டட் கம்பெனில, அதாவது ஷேர் மார்க்கெட்ல இருக்கிற கம்பெனில, செக்ரட்டரியா இருக்கேன். ஆனுவல் ரிப்போர்ட்ல வர்ற டைரக்டர் சம்பள டேபிள போடுறதே என் வேலைதான். எந்த கம்பெனினு மட்டும் கேக்காதீங்க, மத்ததெல்லாம் கேக்கலாம்.

ஓஎம்ஆர்_பெஞ்ச்: அக்கா, எனக்கு ஹைக் 6%. மேல இருக்கிறவங்களுக்கு கோடில. இத ஒருத்தரும் தட்டி கேக்கறதில்லயா?

கேட்டிருக்காங்க தம்பி, அதுவும் கம்பெனிய ஆரம்பிச்சவரே. 2017ல இன்போசிஸ் சிஓஓ (சிஇஓக்கு அடுத்த பெரிய பதவி) பிரவீன் ராவ் சம்பளத்த ஏத்தினப்ப நாராயண மூர்த்தி வெளிப்படையா எழுதினார், பெரும்பாலான ஊழியருக்கு 6-8% குடுத்துட்டு மேல ஒருத்தருக்கு 60-70% குடுக்கறது சரியில்லனு. ஷேர்ஹோல்டர் ஓட்டுல தீர்மானம் என்னவோ பாஸ் ஆயிடுச்சு. ஆனா நான் பாத்த வரைக்கும் ஜனங்களுக்கு எரியறது தொகைய பாத்து இல்ல, அதே வருஷம் "பட்ஜெட் இல்ல"னு தனக்கு சொன்னத நினைச்சுதான்.

கோவை_கணக்கு: மேடம், இந்த வித்தியாசத்த நாமளே பாக்க முடியுமா?

தாராளமா. கம்பெனிஸ் ஆக்ட் 2013, செக்ஷன் 197(12). ஒவ்வொரு டைரக்டர் சம்பளமும் மீடியன் ஊழியர் (எல்லாரையும் சம்பள வரிசைல நிறுத்தினா சரியா நடுவுல வர்றவர்) சம்பளத்துக்கு எத்தனை மடங்குனு லிஸ்டட் கம்பெனி சொல்லியே ஆகணும். ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி போர்டு ரிப்போர்ட்டோட அனெக்சர்ல தேடுங்க. ரெண்டு விஷயம் கவனிங்க. கான்ட்ராக்ட்ல வர்ற செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லைன்ல நிக்கிற பசங்க இவங்கல்லாம் கம்பெனி ரோல்லயே இல்லாததால அந்த மீடியன்ல வர மாட்டாங்க, அதனால மடங்கு கம்மியா தெரியும். இன்னொன்னு, சில பேருக்கு சம்பளம் வெளிநாட்டு சப்சிடியரில, அதாவது துணை கம்பெனில இருந்து வரும். எச்சிஎல் டெக் சிஇஓ விஜயகுமாருக்கு 2023-24ல 84.16 கோடி, குடுத்தது அமெரிக்க சப்சிடியரி. அடிக்குறிப்பையும் சேத்து படிங்க.

மதுர_பாய்: சுந்தர் பிச்சை வாங்கினா நம்ம ஊர் பெருமைனு ஸ்டேட்டஸ் வைக்கிறோம், மத்தவன் வாங்கினா திட்டுறோம். இது என்ன நியாயம்?

நல்லா கேட்டீங்க. 2022க்கு அவருக்கு 226 மில்லியன் டாலர். அதுல சம்பளம்னு பாத்தா 2 மில்லியன்தான், மூணு வருஷத்துக்கு ஒருக்கா குடுக்கிற ஸ்டாக்தான் மீதில பெரும்பங்கு. இந்த நியூஸ் வந்தது 2023 ஏப்ரல்ல, கூகுள்ல 12,000 பேர தூக்கறோம்னு ஜனவரில அறிவிச்ச பிறகு. அங்க ஊழியர்கள் கொதிச்சாங்க, இங்க வாட்சப்ல 365ஆல வகுத்து ஒரு நாளைக்கு எத்தனை கோடினு ஃபார்வர்ட் பண்ணிட்டிருந்தோம். வேலை போனது நம்ம வீட்ல இல்லயே, அதான்.

திருப்பூர்_பனியன்: ஓனர் அவர் கம்பெனில எவ்ளோ எடுத்தா நமக்கென்னங்க?

உங்க யூனிட்ல நீங்க எடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஷேர் வித்து ஊர் பணத்த வாங்கின பிறகு அது அவர் கம்பெனி மட்டும் இல்லங்க. லாபத்துல ஒரு எம்டிக்கு 5%, எல்லா டைரக்டருக்கும் சேத்து 11% வரைக்கும்தான் சாதாரணமா குடுக்கலாம், அதுக்கு மேலன்னா ஷேர்ஹோல்டர் ஒத்துக்கணும். ப்ரொமோட்டரே, அதாவது கம்பெனிய கட்டுப்பாட்டுல வச்சிருக்கிற ஓனர் தரப்பே, எக்ஸிக்யூடிவ் டைரக்டரா இருந்தா ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி இன்னும் இறுக்கி வச்சிருக்கு, 5 கோடி இல்லனா லாபத்துல 2.5%, இதுல எது அதிகமோ அத தாண்டினா ஸ்பெஷல் ரெசல்யூஷன், அதாவது போட்ட ஓட்டுல 75% வேணும். 2021ல புல்லட் பைக் செய்யற ஐஷர் மோட்டார்ஸோட எம்டி சித்தார்த் லால் இதுலதான் மாட்டினார், புல்லட் நல்லாத்தான் வித்துட்டிருந்துச்சு, ஆனா விழுந்த ஓட்டு 73%தான். உச்சவரம்ப லாபத்துல 3%ல இருந்து 1.5%ஆ குறைச்சுட்டு திரும்ப வந்தாங்க. அதே சன் டிவிய எடுத்துக்கங்க, 2020-21ல கலாநிதி மாறனுக்கும் அவர் மனைவி காவேரிக்கும் தலா 87.5 கோடி, ஆனா 75% ஷேர் ப்ரொமோட்டர் கையிலயே இருக்கிறதால மத்தவங்க அத்தனை பேரும் எதிர்த்து போட்டாலும் தீர்மானம் விழாது. இந்த விதிய எழுதினவங்க இத யோசிக்காம இருந்திருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்.

சும்மா_ஒரு_டவுட்: எத்தனை மடங்கு இருந்தா நியாயம்?

ஹார்வர்ட் மைக்கேல் நார்ட்டனும் இன்னொருத்தரும் 40 நாட்டு சர்வே டேட்டாவ வச்சு பாத்தாங்க. அமெரிக்கர்கள் சிஇஓ சம்பளம் சாதாரண தொழிலாளி சம்பளத்துக்கு 30 மடங்கு இருக்கும்னு நினைக்கிறாங்க, 7 மடங்கு போதும்ங்கறாங்க, நிஜத்துல 354. ஆனா சட்டமா போடலாமான்னு கேட்டா பின்வாங்கிடுவாங்க. சுவிட்சர்லாந்துல 2013 மார்ச்ல, சம்பளத்த ஷேர்ஹோல்டர் ஓட்டுக்கு விடணும், போகும்போது குடுக்கிற பெரிய தொகைக்கு தடைன்னு வந்தப்ப 68% ஆமான்னாங்க. அதே வருஷம் நவம்பர்ல, கம்பெனியோட கடைசி சம்பளத்துக்கு 12 மடங்குக்கு மேல கூடாதுன்னு வந்தப்ப 65% வேணாம்னுட்டாங்க. எனக்கும் ஃபிக்ஸ்டு மடங்குல நம்பிக்கை இல்ல, கீழ்ச்சம்பள வேலைய எல்லாம் கான்ட்ராக்டுக்கு தள்ளிட்டு கணக்கு காட்டிருவாங்க.

நெல்லை_அல்வா: அம்பானி சம்பளமே வாங்கறதில்லயாமே?

2020-21ல இருந்து ஆமா. அதுக்கு முன்ன 15 கோடிலயே நிறுத்தி வச்சிருந்தார். வச்சிருக்கிற ஷேருக்கு லாபத்துல பங்கா டிவிடெண்ட் தனியா வருதுல்ல.

எஸ்ஐபி_மட்டும்: என்கிட்ட இருக்கிறதே பத்து ஷேர். நான் ஓட்டு போட்டு என்ன ஆகப்போகுது?

ஒரு ஷேர் இருந்தாலும் ஓட்டு உண்டு, ஈ-வோட்டிங் மெயில் வரும், ஸ்பாம்னு தள்ளிடாதீங்க. உங்க பத்து ஷேர விட மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்ட்ல போடுற எஸ்ஐபிதான் பெருசு, உங்க பணத்துல வாங்கின ஷேருக்கு ஃபண்ட் ஹவுஸ்தான் ஓட்டு போடுது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எந்தப் பக்கம் போட்டாங்க, ஏன்னு அவங்க சைட்ல போட்டே ஆகணும். போய் பாருங்க, பிடிக்கலன்னா ஒரு மெயில் தட்டுங்க.