முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை

விபத்துக்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே உடல் நடுங்குவதாகவும், அடுத்த வாரம் தொடங்கும் காணொளி வழி மனநல சிகிச்சையில் நடந்ததையெல்லாம் உடனே விவரிக்கச் சொல்வார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் வேண்டாம். தொடக்க அமர்வுகளில் தூக்கம், மருந்துகள், வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பதற்றம் ஏறும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிதானத்துக்குத் திரும்பும் பயிற்சி ஓரளவு கைவந்த பிறகே, நல்ல சிகிச்சையாளர் அந்த நினைவுக்குள் உங்களை அழைத்துச் செல்வார். நீங்கள் இருக்கும் முகவரியையும் அவசரத்துக்கு ஒருவரின் எண்ணையும் கேட்பது வழக்கம்தான். இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன செய்வது என்பதை நீங்களே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மாமியார் காதில் விழும் என்ற உங்கள் கவலை மிக நியாயமானது: ஹெட்போன் அணிந்துகொண்டு, கதவுக்கு வெளியே மேசை விசிறியை ஓடவிட்டால் பேச்சு பெருமளவு அமுங்கிவிடும். அமர்வு முடிந்ததும் சமையலறைக்கு ஓடாமல் அரை மணி நேரமாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அன்று களைப்பும் கெட்ட கனவும் வரக்கூடும். வந்தால் அடுத்த முறை மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் தாங்க முடியாமல் போனால், இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.