தியோடெரிக் பற்றிச் சில கேள்விகள்

கி.பி. 493 முதல் 526 வரை வட இத்தாலியின் ராவென்னா நகரில் இருந்துகொண்டு இத்தாலியை ஆண்டவர், ஆஸ்ட்ரோகோத் (கோத் என்னும் ஜெர்மானிய மக்களில் ஒரு பிரிவு) அரசர் தியோடெரிக். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சில:

சார், ரோமப் பேரரசைக் கவிழ்த்தவர் இவர்தானே?

இல்லை. 476-இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் ரோமுலஸ் அகஸ்துலஸைப் பதவியிலிருந்து இறக்கியவர் தளபதி ஓடோவாக்கர். அவரை விரட்டச் சொல்லி தியோடெரிக்கை அனுப்பியதே கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த கிழக்கு ரோமப் பேரரசர் சீனோதான். பக்கத்தில் இருந்து குடைச்சல் கொடுத்தவரை இத்தாலிக்குத் தள்ளிவிட்டதில் சீனோவுக்கும் நிம்மதி.

கையெழுத்துகூடப் போடத் தெரியாதாமே, அண்ணா? தங்கத் தகட்டில் வெட்டிய எழுத்துக்குள் பேனாவை ஓட்டுவாராம்?

பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றுக் குறிப்பில் இந்தக் கதை இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட இதே கதையை, மரப்பலகையை வைத்து, கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டின் மேல் ஏற்றிச் சொல்கிறார் அதே நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோபியஸ். தியோடெரிக்கோ சிறுவயதில் பிணையாளாகப் போய், பத்து ஆண்டுகள் கான்ஸ்டான்டிநோபிளில் வளர்ந்தவர். அவ்வளவு காலம் அங்கே இருந்தவருக்குத் தன் பெயர் எழுத வராது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

அப்படியென்றால் நல்லவர் என்கிறீர்களா?

அவசரப்படாதீர்கள். ராவென்னாவில் ஊர்க்காரர்கள் யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரித்தபோது, திரும்பக் கட்டும் செலவை அவர்கள் தலையிலேயே போட்டார். ஜெனோவா யூதர்களுக்குப் போன கடிதத்தில், மதத்தை யார் மீதும் திணிக்க முடியாது என்று அவர் பெயரில் அவருடைய அரசவை அதிகாரி காசியோடோரஸ் எழுதியிருக்கிறார். இது ஒரு பக்கம். சேர்ந்து ஆளலாம் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஓடோவாக்கரை விருந்துக்கு அழைத்து, தன் கையாலேயே வாளால் வெட்டிக் கொன்றவரும் இவர்தான். தோள்பட்டை எலும்பிலிருந்து இடுப்பு வரை ஒரே வெட்டு. "இவன் உடம்பில் எலும்பே இல்லை போல" என்றாராம். கடைசிக் காலத்தில் சந்தேகம் முற்றி அறிஞர் போயதியஸையும், அவருடைய மாமனார் சிம்மாகஸையும் கொல்ல வைத்தார். போப் முதலாம் ஜான் சிறையிலேயே இறந்தார்.

கோத்திக் தேவாலயங்கள் இவர் கட்டியவையா?

பெயரில் கோத் இருந்தாலும் சம்பந்தமே இல்லை. அந்தப் பாணி 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கியது.

ராவென்னாவில் இருக்கும் இவருடைய கல்லறைக் கூரையில் உள்ள விரிசல், மின்னல் இவரைக் கொன்றபோது விழுந்ததா ஐயா?

ஊர்க்கதை. ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில் உள்ள இஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்த ஒரே கல்தான் அந்தக் கூரை; குறுக்களவு சுமார் 10 மீட்டர், எடை 200 டன்னுக்கும் மேல். அதைத் தூக்கி வைத்தபோதே விரிசல் விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அரசர் இறந்தது வயிற்றுப்போக்கில் என்கிறது மேலே சொன்ன, பெயர் தெரியாதவர் எழுதிய அதே குறிப்பு.